நடுவில் எட்டு மணி நேரம்



கோடை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. மகளுக்குப் பிரசவம், மகன் புது வீடு வாங்கியிருக்கிறான், பேரன் பேத்திக்கு விடுமுறை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக அப்பா அம்மாக்கள் கடல் கடக்கிறார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றதும் பக்கத்து வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "நடுவுல எவ்வளவு நேரம் டிரான்சிட்?" எட்டு மணி நேரம் என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். "அய்யோ, அவ்வளவு நேரம் அங்க உட்கார்ந்து என்ன பண்ணுவீங்க?" ஒன்றரை மணி நேரம் என்றால், "பரவாயில்ல, இறங்கினதும் ஏறிடலாம்" என்று ஆறுதல் வரும்.

இந்த மாதம் நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. ஒன்றரை மணி நேர டிரான்சிட்டைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் அதை வரவில் எழுதிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் தனியாகப் போகும் பயணமென்றால் நீண்ட இடைவெளி உள்ள டிக்கெட்டைத் தேடியே எடுக்கலாம்.

நம் தாத்தாக்கள் கடல் கடந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பக்கத்துப் பாய்க்காரரோடு சோற்றைப் பகிர்ந்துகொண்டு போனார்கள். அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய அந்தக் கப்பலுக்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1980-களின் நடுவில் அதுவும் நின்றபோது தமிழ்நாட்டுக்கும் மலேயக் கரைக்கும் இடையிலான அந்தப் பழைய கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது. இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம் சொச்சம்தான். காலம் இப்படிச் சுருங்கிவிட்டதால்தான் நடுவில் வரும் எட்டு மணி நேரம் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

விமானம் பறக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே காத்திருப்பும் இருக்கிறது. அட்லாண்டிக் கடலை ஒரே மூச்சில் தாண்ட முடியாத அந்நாளைய விமானங்கள் அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. பயணிகள் சும்மா நிற்கிறார்களே என்று பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் அங்கே 1947-ல் ஒரு கடை திறந்தார். உலகத்தின் முதல் விமான நிலையத் தீர்வையில்லாக் கடை அதுதான். இன்று எரிபொருளுக்காக நிற்பது குறைந்துவிட்டது. ஆட்களைப் பிரித்து அனுப்புவதற்காகவே நிற்கிறோம். திருச்சியிலிருந்து சிட்னிக்கு ஒரு முழு விமானம் நிறைய ஆள் கிடைக்காது. ஆகவே திருச்சி, கோவை, சென்னைப் பயணிகளை எல்லாம் சிங்கப்பூரில் கொண்டுவந்து சேர்த்து, அங்கிருந்து சிட்னிக்கும் டோக்கியோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்குமாகப் பிரித்து ஏற்றுகிறார்கள். நம் விழுப்புரம் ஜங்ஷன் ரயிலில் செய்கிற வேலைதான். சிங்கப்பூரும் துபாயும் தோகாவும் அதை வானத்தில் செய்கின்றன.

குறுகிய இடைவெளி ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒன்றரை மணி நேரம் என்று டிக்கெட்டில் இருப்பதில் கழிவு நிறைய. பெரிய விமானத்தின் பின்வரிசையிலிருந்து இறங்கி வரவே இருபது நிமிடம் ஆகிவிடும். அடுத்த கேட் வேறொரு டெர்மினலில் இருக்கலாம். புறப்படும் நேரத்துக்கு முன்பாகவே கேட்டை மூடிவிடுவார்கள். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதித்தால் மீதி இருப்பது ஓட்டம் மட்டும்தான். முட்டிவலி உள்ள அம்மா அந்த நீண்ட நடைபாதைகளில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், மாத்திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். அடுத்த விமானத்தில் பதினைந்து மணி நேரம் உட்கார வேண்டிய உடம்பு இப்படியா ஏறுவது?

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைகிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்கு இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும். இளைஞர்கள் தங்களுக்கு அப்படி எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோரை அப்படி அனுப்பாதீர்கள். சென்னையிலோ திருச்சியிலோ பெட்டியைப் போடும்போது அதில் கட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எட்டு மணி நேரம் கைக்கு வந்துவிட்டது. என்ன செய்வது? நம்மவர்கள் அதிகம் கடக்கும் சாங்கியை எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1981-ல் திறக்கப்பட்டது; அதன் நிலத்தில் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியம் கைக்கடிகாரத்தைத் திருத்துவது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போர்டிங் பாஸில் அச்சாகியிருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். வீட்டு நேரத்திலேயே கடிகாரத்தை வைத்துக்கொண்டு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பதுதான் இந்தப் பயணத்தில் உள்ள பெரிய ஆபத்து. தோகாவில் இது தலைகீழ்; அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால். அடுத்து, பெரிய பலகையில் உங்கள் விமான எண்ணைப் பார்த்து டெர்மினலையும் கேட்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேட் சில சமயம் மாறும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பலகையைப் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு முகம் கழுவி, பல் துலக்கி, உடை மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பையில் ஒரு மாற்று உடையும் துண்டும் வைத்திருந்தால் பாதிக் களைப்பு அங்கேயே போய்விடும். காசு கொடுத்துக் குளிக்கவும் வசதி உண்டு. டெர்மினல் 1, 2, 3 மூன்றிலும் பாதுகாப்புச் சோதனை கேட்டின் வாசலில்தான் நடக்கிறது. அதனால் உள்ளே தண்ணீர் பாட்டிலோடு தாராளமாக நடமாடலாம். குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. கேட்டுக்குள் நுழையும்போது மட்டும் பாட்டிலைக் காலி செய்துவிட வேண்டும். ஆனால் கேட்டுக்குள் சீக்கிரம் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். பல கேட்டுகளின் காத்திருப்பு அறைக்குள் கழிப்பறை கிடையாது. போவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போவது பெரியவர்களுக்கு மிக முக்கியம்.

டெர்மினல் 3-ல் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. 2008-ல் அந்த டெர்மினலோடு சேர்ந்து வந்தது. குளிரூட்டிய கூடத்திலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் ஈரக்காற்று முகத்தில் படும். செடிகள், சின்ன அருவி, தோளில் வந்து அமரும் பட்டாம்பூச்சி. பல மணி நேரம் விமானத்தின் வறண்ட காற்றைச் சுவாசித்தவர்களுக்கு இது மருந்து. பகலில் போங்கள், இரவில் அவை இலைகளின் அடியில் ஒடுங்கிவிடும். டெர்மினல் 1-ன் மாடியில் கள்ளிச்செடித் தோட்டம் இருக்கிறது. அது திறந்தவெளி, நிஜமான வானம் தெரியும். வானத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடந்தாலே உடம்பு பகலா இரவா என்று கணக்கைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கும். படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு டெர்மினல் 3-ல் இலவசத் திரையரங்கு. படுத்துத் தூங்கச் சாய்வு இருக்கைகள் கொண்ட ஓய்விடங்களும் இலவசம்தான். டிரான்சிட் பகுதிக்குள்ளேயே உள்ள ஓட்டலில் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை எடுக்கலாம். விலை சற்று உறைக்கும். ஆனாலும் எழுபதைக் கடந்தவர்களுக்கு அந்தச் செலவு தகும் என்பது என் எண்ணம். கால் நீட்டி, விளக்கணைத்து நான்கு மணி நேரம் தூங்கிய அப்பாவும், இரும்பு நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்த அப்பாவும் அமெரிக்காவில் இறங்கும்போது இரண்டு வெவ்வேறு மனிதர்களாக இருப்பார்கள்.

எல்லோரும் கேட்கும் அந்த அருவி 'ஜுவல்' என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருக்கிறது. மோஷே சாஃப்டி வடிவமைத்து 2019-ல் திறக்கப்பட்டது; கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் நீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். ஆனால் ஜுவல் டிரான்சிட் பகுதிக்கு வெளியே இருப்பதால் இமிக்ரேஷனைத் தாண்டித்தான் போக முடியும். விசா இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். டெர்மினல் 2-க்கும் 3-க்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவலுக்குள் புகுந்து அருவியை ஒட்டியே போகிறது. டிரான்சிட் பயணிகளும் ஏறலாம், கட்டணம் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். நள்ளிரவில் அருவி ஓடாது. காலையில் சற்றுத் தாமதமாகத்தான் தொடங்கும். விடியற்காலையில் இறங்குகிறவர்கள் முதலில் தூங்கிவிட்டு அப்புறம் போகலாம்.

ஊருக்குள் போக முடியுமா? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லத்தக்க விசா கையில் இருந்து, மூன்றாவது நாட்டுக்குப் போகும் உறுதியான டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. கடைசி முடிவு இமிக்ரேஷன் அதிகாரியுடையது. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புவதற்கு முன் சிங்கப்பூர் அரசின் குடியேற்றத் துறை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் மின்னணு வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள். ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருப்பவர்களுக்கு விமான நிலையமே இரண்டரை மணி நேர இலவச நகர்ச் சுற்றுலா நடத்துகிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு இதுவே நல்ல வழி. கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

தனியாகப் போகத் துணிந்தவர்களுக்கு ஒரு கணக்கு. எட்டு மணி நேரத்தில் வெளியே வர ஒரு மணி, ஊருக்குப் போக ஒன்று, திரும்ப ஒன்று, புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பாகவே உள்ளே வந்துவிட வேண்டும். மிச்சம் மூன்று மணி. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வெளியே போக நினைக்காதீர்கள். எம்.ஆர்.டி. ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. நள்ளிரவுக்குப் பிறகு ரயில் இல்லை. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடு என்பதால் வழி கேட்க நமக்குச் சிரமம் குறைவு. தேக்கா சந்தை, 1947 முதல் சிராங்கூன் சாலையில் உள்ள கோமள விலாஸ், கொஞ்ச தூரத்தில் வீரமாகாளியம்மன் கோயில். நம்மூர்போலவே மதியம் நடை சாத்திவிடுவார்கள். இன்னும் நேரம் இருக்கிறவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-ல் எழுப்பிய கோயில். சிங்கப்பூரில் உள்ள இந்துக் கோயில்களில் மிகப் பழமையானது. ரஜுலாவில் வந்தவர்களுக்கும் முந்தைய தலைமுறையின் உழைப்பு அது. அங்கே நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி விமானம் ஏறும்போது, நமக்கு முன்னே எத்தனை பேர் இந்த வழியில் போயிருக்கிறார்கள் என்ற தெம்பு வரும்.

கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. அங்கேயும் மின்னணு வருகை அட்டை உண்டு. டெர்மினல் 1-லிருந்து விரைவு ரயிலில் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரல். அதன் வாசலை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறி வளர்த்த பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய கந்தசுவாமி கோயிலும் அங்கேதான். வாழையிலையில் சாப்பிட்டு, பூக்கடைத் தெருவில் நடந்துவிட்டுத் திரும்ப மூன்று மணி நேரம் போதும். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் 272 படிகளையும் போய்வரும் நேரத்தையும் கணக்கிட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். ஊருக்குள் போக மனமில்லாதவர்களுக்கு விமான நிலையத்தின் சேட்டிலைட் கட்டடத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் காடும் அதற்குள் நடைபாதையும் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

தோகாவின் ஹமாத் விமான நிலையத்தில் ஏழு மீட்டர் உயர மஞ்சள் கரடி பொம்மையை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதைவிட 2022-ல் திறந்த 'ஆர்ச்சர்ட்' என்ற உள்ளரங்கத் தோட்டத்தில் மரங்களின் கீழே உட்காருவது நல்லது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அமைதி அறைகளும் அந்த நிலையத்தில் உண்டு. துபாய் வழியாகப் போனால், அங்கே வாட்ஸ்ஆப் செய்தி போகும், குரல்பதிவு போகும். நேரடி அழைப்பு பொதுவாகப் போகாது. அம்மா போன் எடுக்கவில்லையே என்று பிள்ளைகள் பதற வேண்டாம். "இறங்கிட்டேன், சாப்பிட்டேன்" என்று குரல்பதிவு அனுப்பச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். இணைப்பு விமானமே எட்டு பத்து மணி நேரம் கழித்துத்தான் என்றால் சில நிறுவனங்கள் ஓட்டல் அறையும் சாப்பாடும் தருகின்றன. எமிரேட்ஸ் இதை 'துபாய் கனெக்ட்' என்ற பெயரில் செய்கிறது. தானாகக் கிடைக்காது, முன்கூட்டியே கேட்க வேண்டும்.

வளைகுடா நிலையங்களில் இரவு நேரத்தில் இன்னொரு கூட்டத்தையும் பார்ப்பீர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிற தம்பிகளும், வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்களும். அவர்களுடைய நீண்ட காத்திருப்பு விரும்பி எடுத்ததல்ல. இருந்ததிலேயே விலை குறைந்த டிக்கெட்டை யாரோ எடுத்துக் கொடுத்திருப்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது, கேட் மாறியது தெரியாது, ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "எந்த ஊரு தம்பி?" என்று கேளுங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், அவர்களுடைய போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்து நேரத்தையும் கேட்டையும் சொல்லுங்கள், சார்ஜரைக் கொடுங்கள். அங்கேயும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூன்று பட்டை முனை கொண்ட பிளக்தான்; நம்மூர் சார்ஜர் எல்லாப் பொருத்தியிலும் நுழையாது. ஒரு மாற்று பிளக் கொண்டுபோனால் உங்களுக்கும் ஆகும், நான்கு பேருக்கும் ஆகும். நீண்ட டிரான்சிட்டில் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் முன்பே ரத்தக்கட்டி வந்தவர்களும் கிளம்புவதற்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். இரண்டு நீண்ட பயணங்களுக்கு நடுவில் நடப்பதற்குக் கிடைக்கும் நேரம்தான் டிரான்சிட். மணிக்கு ஒரு முறை எழுந்து கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருந்துச் சீட்டோடு. இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாது, வழி தெரியாது என்பதற்காகவே நம் பெற்றோர் பலர் வீல்சேர் கேட்கிறார்கள். அதில் தவறில்லை. உதவியாளர் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு விமான நேரத்துக்கு முன் வந்து அழைத்துப்போவார். நடக்க முடிந்தவர்கள் இடையில் எழுந்து நடக்கலாமா, எத்தனை மணிக்குள் திரும்பி வர வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்காரும் அம்மாக்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்கு இட்லி, சப்பாத்தி, முறுக்கு எதையும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஊறுகாயும் தயிரும் திரவக் கணக்கில் வந்து 100 மில்லி விதியில் மாட்டிக்கொள்ளும். கசகசாவை மட்டும் எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். பிரசவ மருந்துக்கும் குருமாவுக்கும் என்று அன்போடு பொட்டலம் கட்டுவோம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வலிக்கும் இருமலுக்கும் நாம் வாங்கும் சில மருந்துகளுக்கும் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: அந்த நாட்டில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பொதுவாகப் பெட்டியையும் எடுத்து மறுபடி போட வேண்டும். அங்கிருந்து உள்நாட்டு விமானம் என்றால் மூன்று நான்கு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். ஐரோப்பாவின் சில நிலையங்களில் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெற்றோருக்கு டிக்கெட் தேடும்போது 'மொத்தப் பயண நேரம் குறைவானது' என்ற வரிசையை முதலில் பார்க்காதீர்கள். ஒரே பி.என்.ஆர்., பகலில் வரும் ஐந்து முதல் எட்டு மணி நேர இடைவெளி, நல்ல விமான நிலையம் ஆகிய மூன்றையும் பாருங்கள். அந்த நிலையத்தின் வரைபடத்தை அச்செடுத்து, இறங்கும் டெர்மினல், சாப்பிடும் இடம், ஓய்விடம், ஏறும் டெர்மினல் எல்லாவற்றையும் தமிழில் குறித்துக் கொடுங்கள். உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்று அவர்கள் பையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்தினம் அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் அந்த வரைபடத்தை அவர்களோடு சேர்ந்து பாருங்கள்.

இந்தக் கோடையில் இப்படிப் பயணம் செய்து வந்த பெரியவர்கள், எந்த ஊரில், எப்படி நேரம் போயிற்று என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்துப் போகப்போகிறவர்களுக்கு உங்கள் கடிதம் நான் எழுதியதைவிட உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்